காற்றை எடுத்தால் கருவாடு கெடாதா?

ஆண்டுதோறும் ஏப்ரல் 15ஆம் தேதி வந்துவிட்டால் சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டு நிற்கும். அன்று முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், அவை கடலுக்குப் போகக்கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலம் என்பதால் இந்தத் தடை. தமிழ்நாட்டில் 2001இல் 45 நாள் தடையாகத் தொடங்கியது, 2017 முதல் 61 நாளாக நீண்டது. நாட்டுப் படகுகள் போய் வரலாம். ஆனால் அவை கொண்டுவரும் மீன் கொஞ்சம். விலையோ ஏறிக்கிடக்கும்.

அந்த இரண்டு மாதங்களில் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரை பல வீடுகளுக்குக் கைகொடுப்பது கருவாடு. முன்கூட்டியே வாங்கி வைத்த நெத்திலியும் வாளையும் கவலையும்தான் குழம்புக்கு. இரண்டு கிலோ கருவாடு பூஞ்சக்காளான் பிடித்துவிட்டால், அந்த வீட்டின் சில நாள் கூலி குப்பைக்குப் போனதாக அர்த்தம்.

இப்போது கடைகளில் ‘வாக்குவம் பை’ விற்கிறார்கள். பொருளை உள்ளே போட்டு, ஒரு சிறு இயந்திரத்தால் காற்றை உறிஞ்சி, வாயைச் சூட்டினால் ஒட்டிவிட வேண்டும். “காற்றை எடுத்துவிட்டால் எதுவும் கெடாது” என்கிறார்கள் விற்பவர்கள். இது உண்மையா? உண்மையானால் எந்தப் பையை வாங்குவது? விலை உயர்ந்த பைதான் நல்ல பையா?

இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லக் கடைக்காரர் வேண்டாம். உங்கள் பள்ளிப் பாடத்தில் உள்ள பௌதிகமும் இரசாயனமும் உயிரியலும் போதும். வாருங்கள், பார்ப்போம்.

கெடுப்பவர்கள் நால்வர்

உணவைக் கெடுக்கும் எதிரிகள் நால்வர்: ஈரம், பிராணவாயு (ஆக்சிஜன்), நுண்ணுயிர், பூச்சி. எந்தப் பொருளுக்கு எந்த எதிரி என்று தெரிந்தால்தான் எந்தக் கவசம் வேண்டும் என்று சொல்ல முடியும்.

முதலில் ஈரம். கருவாட்டில் உப்பு இருக்கிறது. சாப்பாட்டு உப்புக்கு ஒரு குணம் உண்டு. சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல் போனால், அது காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ இன்னும் குறைந்த ஈரத்திலேயே நீரை இழுக்கும். கடற்கரைக் காற்றில் 75 சதவீத ஈரம் என்பது அபூர்வம் அல்ல. காலை நேரத்தில் உப்பு ஜாடி கசகசவென்று இருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். கருவாட்டுக்கும் அதே கதிதான். ஈரம் ஏறினால் பூஞ்சக்காளான் முளைக்கும்.

இரண்டாவது பிராணவாயு. கவலை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் எண்ணெய் அதிகம். இந்த எண்ணெயின் மூலக்கூறுகளில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய உண்டு. பிராணவாயு அங்கே போய்த் தாக்குகிறது. விளைவு, கருவாடு துருப்பிடித்தாற்போல் மஞ்சள் பூத்துக் காறல் வாடை அடிக்கும். நெத்திலி, வாளை போன்ற எண்ணெய் குறைந்த மீன்களில் இந்தத் தொல்லை குறைவு.

மூன்றாவது நுண்ணுயிர். பூஞ்சக்காளானும், உப்பு மீனில் இளஞ்சிவப்புத் திட்டாகப் பரவும் உப்பு விரும்பிப் பாக்டீரியாவும் பிராணவாயு இல்லாமல் வளர மாட்டா. ஆனால் எல்லா நுண்ணுயிரும் அப்படி அல்ல. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்; அதுதான் இக்கட்டுரையில் முக்கியமான இடம்.

நான்காவது பூச்சி. அரிசி வண்டும் கருவாட்டு வண்டும் நம்மைப் போலச் சுவாசிப்பவை. பிராணவாயு தீர்ந்தால் அவை செத்துப்போகும்.

ஆக, நான்கு எதிரிகளில் மூவருக்குக் காற்றுதான் துணை. காற்றை எடுப்பது நல்ல உபாயம் என்பதில் சந்தேகம் இல்லை.

அரை டன் காற்று

காற்றை எடுத்ததும் பை ஏன் பொருளோடு ஒட்டிக்கொள்கிறது? இயந்திரம் உறிஞ்சுவதால் என்று நினைப்போம். உண்மையில் பையை அழுத்துவது இயந்திரம் அல்ல; வெளியே உள்ள வாயு மண்டலம்.

கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பையும் காற்று சுமார் 1 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் அழுத்துகிறது. 20 செ.மீ. அகலமும் 25 செ.மீ. நீளமும் உள்ள ஒரு பையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தின் பரப்பு 500 சதுர செ.மீ. அப்படியானால் அந்தப் பக்கத்தின் மீது காற்றின் பளு சுமார் 500 கிலோ! உள்ளேயும் காற்று இருக்கும்வரை அது எதிர்த்துத் தள்ளுவதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. உள்காற்றை வெளியேற்றியதும் வெளிக்காற்று கை வரிசையைக் காட்டுகிறது.

ஜெர்மனியின் மக்டபர்க் நகரத்து ஆட்டோ ஃபான் கெரிக் 1650களில் இதைத்தான் உலகுக்குக் காட்டினார். இரண்டு செம்பு அரைக்கோளங்களைப் பொருத்தி உள்ளிருந்த காற்றை எடுத்தார். இருபுறமும் குதிரைகளைப் பூட்டி இழுத்தும் அவற்றைப் பிரிப்பது பெரும்பாடாக இருந்தது. உங்கள் வீட்டுப் பை அந்த அரைக்கோளத்தின் பேரப்பிள்ளை.

வீட்டில் வைத்துக்கொள்ளும் சிறு இயந்திரங்கள் காற்று முழுவதையும் எடுப்பதில்லை. அழுத்தத்தைச் சுமார் 60 முதல் 80 சதவீதம் வரைதான் குறைக்கின்றன. கருவாட்டுத் துண்டுகளின் இடுக்குகளில் மீதிக் காற்று தங்கியே இருக்கும். தொழிற்சாலைகளில் பயன்படும் பெட்டி வகை இயந்திரங்கள் 99 சதவீதத்துக்கு மேல் எடுத்துவிடும். ஆகவே வீட்டில் செய்யும் வெற்றிடம் முழு வெற்றிடம் அல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. இந்த அழுத்தத்தைத் தாங்கக்கூடிய பொருளைத்தான் இப்படிப் பொதிய முடியும். அப்பளத்தை வெற்றிடப் பையில் போட்டுப் பாருங்கள். பொடியாகத்தான் திரும்பக் கிடைக்கும்.

சுவருக்குள் ஒரு வழி

காற்றை எடுத்து வாயை ஒட்டிவிட்டோம். ஒரு பொத்தலும் இல்லை. இனிக் காற்று உள்ளே போகாது அல்லவா?

போகும்! பிளாஸ்டிக் படலம் கண்ணுக்குக் கெட்டியான சுவர். மூலக்கூறுக்கு அது நீண்ட சங்கிலிகள் பின்னிக் கிடக்கும் புதர். பிராணவாயு மூலக்கூறு படலத்தில் கரைந்து, சங்கிலிகளுக்கு இடையே நகர்ந்து, மறுபக்கம் வெளிவந்துவிடும். எவ்வளவு வேகமாக என்பது பிளாஸ்டிக்கின் இனத்தைப் பொறுத்தது.

நமக்கு நன்கு பழக்கமான பிளாஸ்டிக் பாலிதீன். 1933இல் இங்கிலாந்தில் ஃபாசெட், கிப்சன் என்ற இருவர் வேறு எதையோ தேடும்போது தற்செயலாகக் கிடைத்தது. நீராவியை இது நன்றாகத் தடுக்கும்; சூடுபட்டால் எளிதில் ஒட்டும்; விலையும் குறைவு. ஆனால் பிராணவாயுவுக்கு இது திறந்த வீடு.

இன்னொன்று நைலான். 1935இல் அமெரிக்காவில் கரோதர்ஸ் என்பவர் உருவாக்கியது. காசிமேட்டில் காய்கிற மீன்வலைகளில் இருப்பதும் இதுவே. பருத்தி நூல் வலை மறைந்து நைலான் வலை வந்ததற்குக் காரணம் அதன் உறுதி. நைலான் சங்கிலிகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதால் பிராணவாயு நுழைய இடம் குறைவு. ஆனால் நைலான் ஈரத்தை உறிஞ்சும்; நீராவியை விட்டுவிடும்; எளிதில் ஒட்டவும் ஒட்டாது.

ஒருவனுக்குக் கண் தெரியாது, இன்னொருவனுக்குக் கால் நடக்காது. இருவரும் சேர்ந்து ஊர்போய்ச் சேர்ந்த கதை உங்களுக்குத் தெரியும். நல்ல வெற்றிடப் பையும் அப்படித்தான். வெளிப்பக்கம் நைலான், உள்பக்கம் பாலிதீன். நைலான் பிராணவாயுவைத் தடுக்கும். பாலிதீன் ஈரத்தைத் தடுத்து வாயையும் ஒட்டும். இன்னும் உயர்ந்த பைகளில் எத்திலீன் வினைல் ஆல்கஹால் என்ற மூன்றாவது படலத்தை நடுவே வைக்கிறார்கள். அது நைலானைவிடப் பல மடங்கு இறுக்கமானது.

வித்தியாசம் எவ்வளவு? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

100 மைக்ரான் (0.1 மி.மீ.) கனமுள்ள சாதாரணப் பாலிதீன் படலத்தின் ஒரு சதுர மீட்டர் வழியே, ஒரு பக்கம் முழுக்கப் பிராணவாயுவாக இருந்தால், ஒரு நாளில் சுமார் 1800 கன செ.மீ. பிராணவாயு புகும். நம் பைக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து 1000 சதுர செ.மீ., அதாவது 0.1 சதுர மீட்டர். காற்றில் பிராணவாயு 21 சதவீதம். எனவே, 1800 × 0.1 × 0.21 = சுமார் 38 கன செ.மீ. ஒரே நாளில்!

அதே கனமுள்ள நைலான்–பாலிதீன் பையில் 1800க்குப் பதில் சுமார் 50 என்று வைத்துக்கொள்ளலாம். 50 × 0.1 × 0.21 = சுமார் 1 கன செ.மீ. தான். ஏறக்குறைய நாற்பது மடங்கு வித்தியாசம்.

இதன் பொருள் என்ன? வெறும் பாலிதீன் பையில் நீங்கள் எவ்வளவு பாடுபட்டுக் காற்றை எடுத்தாலும், சில நாட்களில் பிராணவாயு திரும்பி வந்துவிடும். பை தளரவில்லையே என்று பார்த்து ஏமாறாதீர்கள். வருவது மெல்ல வந்து மீன் எண்ணெயோடு வினைபுரிந்து மறைந்துகொண்டே இருக்கும்.

எது மலிவு?

இப்போது நாம் பை வாங்கத் தயார். மலிவான பை என்றால் விலை குறைந்த பை அல்ல. வேலைக்குத் தேவையான கவசத்தை மட்டும் தரும் பை.

பொருளைப் பாருங்கள். எண்ணெய் குறைந்த நெத்திலிக் கருவாட்டுக்கும், உப்புக்கும், புளிக்கும் முதல் எதிரி ஈரம். அதைத் தடுக்கக் கனமான பாலிதீன் பையே போதும். இல்லாவிட்டால் இறுக மூடும் கண்ணாடிப் புட்டி. கண்ணாடி எந்த வாயுவையும் விடாது. ஆயுள் முழுதும் உழைக்கும். எண்ணெய் மிகுந்த கவலை, கானாங்கெளுத்திக் கருவாட்டுக்கும், முந்திரி, வேர்க்கடலை, மசாலாப் பொடிக்கும் எதிரி பிராணவாயு. இவற்றுக்குத்தான் நைலான் பை தேவை. இரண்டு மாதத்துக்குச் சேமிக்கும் வீட்டுக்கு நடுவில் மூன்றாவது படலம் வைத்த விலை உயர்ந்த பை அவசியம் இல்லை.

இயந்திரத்தைப் பாருங்கள். பையின் வாயை மட்டும் கவ்வி உறிஞ்சும் வீட்டு இயந்திரத்துக்கு, உள்பக்கம் வரிவரியாகவோ கட்டம் கட்டமாகவோ அச்சிட்ட பை வேண்டும். வழவழப்பான இரண்டு தாள்கள் உறிஞ்சத் தொடங்கியதுமே ஒன்றோடொன்று ஒட்டி வழியை அடைத்துவிடும். காற்று உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அந்த வரிகள் காற்று வெளியேறும் வாய்க்கால்கள். வழவழப்பான பை பெட்டி வகை இயந்திரத்துக்கு உரியது; விலை குறைவு. இதை வீட்டு இயந்திரத்திலும் பயன்படுத்த ஓர் உபாயம் உண்டு. வரிப் பையிலிருந்து மூன்று விரல் அகலத் துண்டு ஒன்றை வெட்டி, வழவழப்பான பையின் வாய்க்குள் குறுக்கே வைத்து உறிஞ்சுங்கள். அந்தத் துண்டே வாய்க்காலாகிவிடும். ஒட்டும்போது வாயோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு வரிப் பை பல வழவழப்பான பைகளுக்கு உதவும்.

கனத்தைப் பாருங்கள். கடைகளில் ‘மைக்ரான்’ என்றும் ‘கேஜ்’ என்றும் சொல்வார்கள். 100 கேஜ் என்பது சுமார் 25 மைக்ரான். வீட்டு உபயோகத்துக்கு 80 முதல் 100 மைக்ரான் பை ஏற்றது. மெல்லிய பையில் கருவாட்டின் முள் குத்திப் பொத்தல் விழும். பை எவ்வளவு கனமானாலும், முள்ளும் துடுப்பும் நீண்ட துண்டுகளை ஒரு காகிதத்தில் சுற்றி வைத்த பின் பொதிவதே நல்லது.

சொன்ன கனம் உண்மையாக இருக்கிறதா என்று எப்படி அறிவது? எடை போடுங்கள். பாலிதீனின் அடர்த்தி கன செ.மீ.க்கு 0.92 கிராம். 20 × 25 செ.மீ. பைக்குத் தாளின் மொத்தப் பரப்பு 1000 சதுர செ.மீ. 100 மைக்ரான் என்பது 0.01 செ.மீ. ஆகவே கன அளவு 10 கன செ.மீ.; எடை 9.2 கிராம். பத்துப் பைகள் 92 கிராம் இருக்க வேண்டும். நைலான் கலந்திருந்தால் இன்னும் சிறிது கூடும். தராசு 60 கிராம் காட்டினால் பையின் கனம் 65 மைக்ரான்தான். பள்ளி ஆய்வுக்கூடத்தில் திருகு அளவி இருந்தால் நேரடியாகவே அளந்துவிடலாம்.

முத்திரையைப் பாருங்கள். உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக் என்பதைக் குறிக்கக் கோப்பையும் முள்கரண்டியும் சேர்ந்த சின்னம் இருக்கும். பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் இறங்கும் பொருள்கள் ஒரு கிலோவுக்கு 60 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது இந்திய விதி. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டுப் பொதிவு விதிகளில் இது இருக்கிறது. முக்கோணத்துக்குள் 4 என்ற எண் இருந்தால் அது வெறும் பாலிதீன். 7 என்று இருந்தால் பல படலப் பையாக இருக்கலாம்.

கடைசியாக, எத்தனை முறை உதவும் என்று பாருங்கள். ஒரு பை 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தேவைக்கு மேல் ஒரு சாண் நீளமாக வெட்டிக்கொண்டால், ஒவ்வொரு முறையும் வாயோரத்தை மட்டும் நறுக்கி, நாலு முறை ஒட்டலாம். ஒரு முறைக்கு 2 ரூபாய்தான். சுருளாக வாங்கி வேண்டிய அளவு வெட்டிக்கொள்வதில் இந்த வசதி உண்டு. ஆனால் மறுபடி உபயோகிப்பது உலர்ந்த பொருளுக்கு மட்டுமே. பச்சை மீனோ இறைச்சியோ வைத்த பையை இன்னொரு முறை தொடாதீர்கள்.

ஒட்டுமிடத்தில் எண்ணெயோ உப்புத் தூளோ பட்டால் ஒட்டு நிற்காது. நிரப்பும் முன் பையின் வாயைச் சட்டைக் கை மடிப்பதுபோல் வெளிப்புறம் மடித்துக்கொள்ளுங்கள். நிரப்பிய பின் நிமிர்த்தினால் வாய் சுத்தமாக இருக்கும்.

இயந்திரமே இல்லாவிட்டால்?

கவலை வேண்டாம். அழுத்தும் வாய் உள்ள பை ஒன்றும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். உலர்ந்த பொருளைப் பையில் போட்டு, வாயில் ஒரு விரல் அளவு மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, மெல்ல நீரில் இறக்குங்கள். நீரின் அழுத்தம் பையைச் சுற்றிலும் நெருக்கி உள்ளிருக்கும் காற்றை மேலே தள்ளும். வாய் நீர்மட்டத்தைத் தொடும்போது மூடிவிடுங்கள். இது இயந்திர வெற்றிடம் அல்ல; ஆனாலும் காற்றில் பெரும்பகுதி போய்விடும். வாய்க்குள் ஒரு சொட்டு நீரும் போகக்கூடாது. வெளியே துடைத்துக் காயவைக்கவும் மறக்காதீர்கள்.

காற்றை வெறுக்கும் எதிரி

இனி, நாம் தள்ளி வைத்த கதைக்கு வருவோம்.

பிரான்சில் நிக்கொலா அப்பேர் என்ற மிட்டாய் வியாபாரி உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, இறுக மூடி, கொதிநீரில் வேகவைத்துப் பல மாதம் கெடாமல் வைத்துக் காட்டினார். அதற்காக 1810இல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 ஃபிராங்க் பரிசளித்தது. உணவு ஏன் கெடவில்லை? புகழ்பெற்ற இரசாயன அறிஞர் கே-லுசாக், புட்டிக்குள் பிராணவாயு இல்லாததே காரணம் என்று விளக்கினார். இன்றைக்குப் பை விற்பவர் சொல்வதும் அதுவேதான்!

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1861இல், லூயி பாஸ்டர் ஒரு புதுமையைக் கண்டார். காற்று இல்லாமலே வாழும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. சிலவற்றுக்குக் காற்றே விஷம். அப்பேரின் உணவைக் காத்தது காற்று இல்லாமை அல்ல, வேகவைத்த சூடுதான் என்பது பிறகு தெளிவாயிற்று.

1895 டிசம்பரில் பெல்ஜியத்தின் எல்லசெல் என்ற கிராமத்தில் ஒரு சாவு வீட்டுக்கு வாத்தியக் குழுவினர் வந்தார்கள். அங்கே உப்புநீரில் ஊறவைத்த பன்றித் தொடை இறைச்சியைச் சாப்பிட்டார்கள். பலருக்குக் கண் மங்கியது, விழுங்க முடியவில்லை. மூவர் இறந்தனர். மிஞ்சிய இறைச்சியை ஆராய்ந்த வான் எர்மெங்கெம் என்ற மருத்துவ அறிஞர் அதில் ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார். இன்று அதன் பெயர் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம். காற்று இல்லாத இடத்தில்தான் அது வளரும். வளரும்போது நரம்பை முடக்கும் கொடிய விஷத்தை உண்டாக்கும். மண்ணிலும் கடல் சேற்றிலும் அதன் வித்துக்கள் உறங்கிக் கிடக்கின்றன. மீனோடு தொடர்புடைய ஓர் இனம் 3 டிகிரி சென்டிகிரேடு குளிரில்கூட வளரக்கூடியது. நம் வீட்டுக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டு 4, 5 டிகிரியில் இருக்கும். மின்சாரம் நின்றால் இன்னும் கூடும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பச்சை வஞ்சிரத் துண்டுகளை வெற்றிடப் பையில் போட்டு, சாதாரணக் குளிர்பெட்டியில் நாலைந்து நாள் வைக்கிறோம். மீன் கெட்டுவிட்டது என்று நாற்றத்தால் நமக்குச் சொல்லும் பாக்டீரியாக்களில் முக்கியமானவை காற்றை நம்பி வாழ்பவை, அவை ஓய்ந்துவிடும். நாற்றம் எழாது. ஆனால் காற்றை வெறுக்கும் எதிரிக்கு அரியாசனம் போட்டுக் கொடுத்திருக்கிறோம்! மூக்கு “நல்ல மீன்” என்று சொல்லும். பையோ விஷம் வைத்திருக்கக்கூடும். வெறும் மலிவுப் பாலிதீனைவிட நல்ல நைலான் பையில் இந்த ஆபத்து கூடுதல் என்பதையும் கவனியுங்கள். கவசம் இறுக இறுக எதிரிக்கு வசதி.

ஆகவே சில விதிகள்:

பச்சை மீனையும் இறாலையும் வெற்றிடப் பையில் வைத்தால் உறைபெட்டியில், பூச்சியத்துக்குக் கீழே 18 டிகிரியில் மட்டுமே வையுங்கள். அங்கே பை நல்ல உதவி செய்யும். மீன் காய்ந்து வெளுத்துப் போகாமல் தடுக்கும்.

உறைந்த மீனை எடுத்துக் குளிர்பெட்டியில் இளக வைக்கும் முன் பையின் வாயை வெட்டித் திறந்துவிடுங்கள். காற்று உள்ளே போகட்டும்.

உறைபெட்டி இல்லாத வீட்டில் பச்சை மீனுக்குப் பை வேண்டாம். நொறுக்கிய ஐஸ் போதும். உருகும் ஐஸின் வெப்பநிலை 0 டிகிரி. காசிமேட்டுக்காரர்கள் பெட்டி பெட்டியாக ஐஸ் ஏற்றுவது வீண் செலவு அல்ல.

பூண்டு, காளான், சமைத்த குழம்பு ஆகியவற்றை வெற்றிடப் பையில் போட்டு வெளியே வைக்காதீர்கள். இட்லி மாவையும் போடாதீர்கள். அதில் வாழும் நுண்ணுயிர்கள் கரியமில வாயுவை வெளிவிட்டுப் பையை உப்ப வைத்துவிடும்.

உப்பிய பையில் உள்ள மீனை ருசி பார்க்கவே கூடாது. எறிந்துவிடுங்கள்.

அப்படியானால் கருவாடு? இங்கேதான் உப்பு நம்மைக் காக்கிறது. நுண்ணுயிர் பயன்படுத்தக்கூடிய நீரை அறிஞர்கள் 0 முதல் 1 வரை அளவிடுகிறார்கள். தூய நீருக்கு 1. பாட்டுலினம் வளரச் சுமார் 0.94 வேண்டும். உப்பு முழுதும் கரைந்து தெவிட்டிய நீரின் அளவு 0.75. முன்னே 75 சதவீத ஈரப்பதம் என்று பார்த்தோமே, அதே எண்தான்! நன்றாக உப்பிட்டு, நன்றாகக் காய்ந்த கருவாடு இந்த எல்லையை ஒட்டி இருக்கும். அங்கே பாட்டுலினத்துக்கு வேலை இல்லை. ஆனால் அரைகுறையாகக் காய்ந்து, அழுத்தினால் மெத்தென்று இருக்கும் கருவாட்டுக்கு இந்த உத்தரவாதம் இல்லை. அதைப் பொதியும் முன் மறுபடி வெயில் காட்டுங்கள். பாட்டிமார் மாதம் ஒருமுறை கருவாட்டை எடுத்து வெயிலில் போடுவது இந்தக் கணக்கில்தான்.

காப்பது உப்பும் வெயிலும் குளிரும் சூடும். பை அவற்றுக்குத் துணை நிற்பது மட்டுமே.

செய்து பாருங்கள்

ஒன்று: சிறிது பெருங்காயத் தூளை ஒரு பாலிதீன் பையிலும், அதே அளவு ஒரு நைலான் பையிலும் போட்டு நன்றாக ஒட்டுங்கள். இரண்டையும் தனித்தனி மூடியுள்ள டப்பாவில் வைத்து, மறுநாள் திறந்து முகர்ந்து பாருங்கள். எந்தச் சுவர் வாசனையை விடுகிறது என்று உங்கள் மூக்கே சொல்லும். ‘நைலான் பை’ என்று விற்றது உண்மைதானா என்பதும் தெரிந்துவிடும்.

இரண்டு: காற்றோடு ஒட்டிய வெறும் பையை நீருக்குள் அமிழ்த்தி மெதுவாக அழுத்துங்கள். குமிழி வந்தால் ஒட்டில் ஓட்டை.

மூன்று: உங்கள் வீட்டில் உள்ள பைகளை எடை போட்டு, மேலே சொன்ன கணக்கின்படி அவற்றின் கனத்தைக் கண்டுபிடித்து அட்டவணை போடுங்கள்.

ஒரு கடைசி விஷயம். நைலானும் பாலிதீனும் ஒட்டிக்கிடக்கும் பையைப் பிரித்து மறுபடி உருக்குவது கடினம்; பழைய பிளாஸ்டிக் வாங்குபவர்கள்கூட அதைச் சீந்துவதில்லை. வடசென்னையில் தூக்கி எறியும் குப்பை கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குப் போய்ச் சேரும். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தமிழ்நாடு அரசு தடைசெய்தது இந்தச் சுமையை எண்ணித்தான். எனவே கண்ணாடிப் புட்டி போதுமான இடத்தில் புட்டியை எடுங்கள். பை தேவையான இடத்தில் சரியான பையை எடுத்து, நாலு முறை உழைக்க வையுங்கள்.

அடுத்த ஏப்ரலில் உங்கள் வீட்டில் கருவாடு வாங்கும்போது, எந்த மீனுக்கு எந்தப் பை என்று அம்மாவுக்கு நீங்கள் சொல்லலாம். பச்சை மீன் பையை ஏன் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கக்கூடாது என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள்.